மீட்டர் அண்ணனின் காது

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோரும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார்கள். எங்கள் மீட்டர் அண்ணன் மட்டும் மாட்டமாட்டார். குரல் அறைக்குள் யாரையாவது உட்காரவைத்து "ஏதாவது பேசு" என்பார். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, இயந்திரத்தில் ஆடும் ஊசியைப் பார்ப்பார். அது ஆடுகிற விதத்தை வைத்தே, "வயர்ல எங்கயோ ஒடைஞ்சிருக்கு", "இவன் மைக்கைக் கடிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கான்", "காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கான்" என்று சொல்லிவிடுவார். கடைசியில் சொன்னதுகூடச் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நான் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வசனம் எழுதுகிறவள். குழாய் விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, நான்கு அறை, ஒரு ஜன்னலும் கிடையாது. வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேசவைப்பது எங்கள் தொழில். சொல்வதற்கு எளிது. திரையில் இருப்பவர் வாயைத் திறக்கும்போது என் சொல்லும் திறக்க வேண்டும். அவர் உதடு ஒட்டும்போது என் சொல்லிலும் ஒரு 'ப'வோ 'ம'வோ வந்து ஒட்ட வேண்டும். அதற்கு மேல் அர்த்தமும் வேண்டும் என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். பொதுவாகவே எனக்குச் சீக்கிரம் கோபம் வரும். மீட்டர் அண்ணன் அதையும் கண்டுபிடித்துவிடுவார். "புலவரம்மா சிவப்புல இருக்காங்க, கொஞ்ச நேரம் யாரும் கிட்ட போகாதீங்க" என்று மற்றவர்களை எச்சரிப்பார். ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டினால் குரல் உடைந்துவிடும், பதிவு வீண். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

ஹெட்ஃபோன் ஏன் மாட்டுவதில்லை என்று கேட்டால், "ஊரார் காது அழுக்கெல்லாம் எனக்கு எதுக்கு?" என்பார். பதினோரு வருடம் அதை நம்பினேன். அலுவலக ஃபோன் அவர் பக்கத்திலேயே மணி அடித்தாலும் எடுக்கமாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார். வேலை செய்கிற இடத்தில் ஆளுக்கு ஒரு கிறுக்கு இருக்கும், இவருக்கு இது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மதியம் அண்ணி வந்தார், அதாவது அவர் மனைவி. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக இருப்பவர். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், அண்ணன் கடைக்குப் போயிருந்ததால் என் அறையில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டதும் கொட்டிவிட்டார்.

"மூணு வாரமா மக பேசல."

"சண்டையா அண்ணி?"

"சண்டை போடுறதுக்காவது இந்த மனுஷன் ஃபோனை எடுக்கணுமே."

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி, விமானத்தில் எட்டு மணி நேரம் பறந்து போக வேண்டிய ஊரில் இருந்தாள். அப்போது ஏழு மாதம். ஞாயிறுதோறும் காலையில் கூப்பிடுவாள். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாப்பிட்டாளான்னு கேளு", "கால் வீங்குதான்னு கேளு" என்று அண்ணியின் முழங்கையைச் சுரண்டிக்கொண்டே இருப்பார். "நீங்களே கேளுங்க" என்று ஃபோனை அவர் காதில் வைத்தால் முகம் வெளிறி, எழுந்து போய்விடுவார். ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிற வசதியெல்லாம் அப்போது வரவில்லை.

"போன தடவை அவ சொல்லிட்டா. 'அப்பா அவர் வாயால என்கிட்ட பேசட்டும். அதுவரைக்கும் நான் கூப்பிடமாட்டேன், நீங்களும் கூப்பிடாதீங்க'ன்னு. அவளைத் தப்பு சொல்ல முடியுமா? தன்மேல அப்பாவுக்குப் பாசமே இல்லைன்னு நினைக்கிறா."

"ஏன் அண்ணி பேசமாட்டேங்கிறார்?"

"கல்யாணத்துக்கு முந்தி பட்டாளத்துல வயர்லெஸ்ல இருந்தார். போருக்குப் போயிட்டு வந்தார். அதுக்கு மேல இந்த இருபத்தாறு வருஷத்துல ஒரு வார்த்தை அவர் வாயிலேருந்து வாங்க முடியல. பிரசவத்துக்கு முன்னாடியாவது இவங்க ரெண்டு பேரும் பேசிட்டா எனக்குப் போதும்."

நான் பேசிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. அண்ணன் போரைப் பற்றிப் பேசமாட்டார் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர் போருக்குப் போனவர் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மாதம் எங்களிடம் 'வீட்டுக்குப் போகும் கப்பல்' என்ற தொடர் வந்திருந்தது. விண்வெளிக் கதை. நட்சத்திரங்களுக்கு இடையே நடந்த பெரிய போர் முதல் பகுதி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. வீரர்கள் ஒரு கப்பலில் ஊர் திரும்புகிறார்கள். வந்து சேர மூன்று வருடமாகும். அந்த மூன்று வருடம்தான் கதை. கதவு சாத்தினால் நடுங்குகிறவன், தட்டைக் கையில் மறைத்துக்கொண்டு அவசரமாகச் சாப்பிடுகிறவள், இவர்களெல்லாம் மெல்ல மெல்ல மனிதராகிறார்கள். "ஒரு குண்டுகூட வெடிக்கலையேம்மா" என்று சேனல்காரர் என்னிடம் அழாத குறையாகக் கேட்டார். எனக்கு அந்தத் தொடர் பிடித்திருந்தது. வீரர்கள் குறைவாகப் பேசினார்கள், எனக்கு வேலை குறைந்தது.

ஒன்பதாம் பகுதி ஒரு வயர்லெஸ் அதிகாரியைப் பற்றியது. திரும்பி வராத தன் தோழனை, மறுமுனையில் யாரும் இல்லாத ஒரு கருவியில் தினமும் கூப்பிடுவான். ஒவ்வொரு முறையும் கடைசியில் 'ஓவர்' என்பான். கப்பலின் சமையல்காரர் அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். முடிவில் ஒருநாள் இன்னொரு கருவியை எடுத்துப் பதில் சொல்வார். திரையில் நாம் பார்ப்பது அதிகாரியின் முகத்தை மட்டும். சமையல்காரர் வெறும் குரல்தான்.

'ஓவர்' என்பதற்கு 'முடிஞ்சது' என்று எழுதினேன். உதடு சரியாக ஒட்டவில்லை. அவன் வாய் 'ஓ' என்று குவிகிற இடத்தில் என் 'மு' வாயை மூடியது. பரவாயில்லை, விடு என்று விட்டேன்.

அதிகாரிக்குக் குரல் கொடுத்தவரை நாங்கள் தொண்டை என்று கூப்பிடுவோம். தொண்டை கெட்டுவிடும் என்று குரல் அறைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டார். வெந்நீர் வேண்டுமென்றாலும் சீட்டில் எழுதிக் காட்டுவார். ஒன்பதாம் பகுதிக்கு ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவு தொடங்கியது. ஒலிப்பதிவாளர் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். மீட்டர் அண்ணன் எங்கள் மேசைக்கு அடியில் புகுந்து ஏதோ வயரை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நான் பேசுறது கேக்குதா? முடிஞ்சது" என்றார் தொண்டை. நிறுத்தினார். திரையில் அதிகாரி காத்திருந்தான். "இருக்கியா? பதில் சொல்லு. முடிஞ்சது."

மேசைக்கு அடியில் 'டங்' என்று தலை இடிக்கிற சத்தம். அண்ணன் வெளியே வந்தார்.

"தப்பு" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என் வசனத்தில் மூக்கை நுழைத்ததில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எது தப்பு?"

"முடிஞ்சதுன்னு வராது."

"ஓவர்னா முடிஞ்சதுதான். ஆட்டம் ஓவர். படம் ஓவர். இப்ப நீங்க பண்றதும் கொஞ்சம் ஓவர்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"வயர்லெஸ்ல அப்படி இல்லம்மா. முடிஞ்சதுக்கு வேற வார்த்தை இருக்கு, அவுட். ஓவர்னா, நான் பேசி நிறுத்திட்டேன், இப்ப நீ பேசு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். அவன் இன்னும் முடிக்கல. காத்துக்கிட்டு இருக்கான். நீங்க பாட்டுக்கு முடிச்சிட்டீங்க."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வயர் தரையில் அப்படியே கிடந்தது. வயரைச் சுருட்டாமல் போட்டால் எங்களை ஒரு பிடி பிடிக்கிற மனிதர் அவர். தொண்டையே வாய் திறந்து, "என்ன ஆச்சு அவருக்கு?" என்று கேட்டார்.

நான் பின்னால் போனேன். உண்மையைச் சொல்கிறேன், சண்டை போடத்தான் போனேன். நாலு பேர் முன்னால் என் எழுத்தைத் தப்பு என்றுவிட்டார் என்கிற எரிச்சல். இரண்டாவது மாடிப் படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் இடுக்கி. அது படிக்கட்டில் பட்டு டக்டக்கென்று சத்தம் போட்டது. நான் கொண்டுபோன சண்டையை மறந்துவிட்டு அவருக்கு மேல் படியில் உட்கார்ந்தேன்.

"எங்கூட இன்னொருத்தன் இருந்தான்" என்றார், நான் கேட்காமலே. "கீச்சுக் குரல். கீச்சுன்னுதான் கூப்பிடுவோம். முன்னாடி ஒரு இடத்துக்கு வேவு பார்க்கப் போனான். போன பிறகு எங்களுக்கு உத்தரவு வந்துச்சு, யாரும் வயர்லெஸ்ல வாயைத் திறக்கக் கூடாதுன்னு. திறந்தா நாங்க இருக்கிற இடம் எதிரிக்குத் தெரிஞ்சிடும். முப்பத்திரண்டு பேர் இருந்தோம்."

"சரி."

"அவன் வழியைத் தவறவிட்டுட்டான். கூப்பிட்டான். 'எந்தப் பக்கம் வரணும்? ஓவர்.' நிறுத்துவான். கொஞ்ச நேரம் பார்ப்பான். மறுபடி, 'கேக்குதா? எந்தப் பக்கம் வரணும்? ஓவர்.' நாற்பது நிமிஷம். காதுல ஹெட்ஃபோனோட உட்கார்ந்திருந்தேன். பதில் எனக்குத் தெரியும். 'ஓடையை ஒட்டியே வந்துடு.' மூணு வார்த்தை. வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"அவர் வந்தாரா அண்ணே?"

"இல்ல. ரெண்டு நாள் கழிச்சு நாங்க போய் எடுத்துட்டு வந்தோம்."

கீழே கடையில் இரும்புக் குழாயை யாரோ தரையில் போட்டார்கள். அண்ணன் தோள் குலுங்கி அடங்கியது.

"நீ செஞ்சது தப்புன்னு யாரும் சொல்லல. சரியாத்தான் செஞ்சேன்னு அதிகாரி முதுகுல தட்டினார். இப்ப யாராவது ஃபோன்ல பேசினா, பேசிட்டு ஒரு நொடி நிறுத்துவாங்க பாருங்க, நாம பதில் சொல்றதுக்காக. அந்த ஒரு நொடி வந்தா என் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. நேர்ல பேசினா வராது. காதுல குரல் மட்டும் வந்தா போச்சு. பெத்த மகளா இருந்தாலும் அப்படித்தான்."

எனக்கு அழுகை வந்தது. "தலை வலிக்குதா? பலமா இடிச்சுக்கிட்டீங்களே" என்றுதான் கேட்டேன். தடவிப் பார்த்து, "வீங்கியிருக்கு" என்றார். இருவரும் மேலே வந்தோம்.

அன்று மாலையே திருத்தி எழுதினேன். 'ஓவர்' அப்படியே இருக்கட்டும், உதடும் ஒட்டும். ஆனால் பார்க்கிறவர்கள் நான் நினைத்ததையே நினைப்பார்களே? அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. திரையில் இருப்பவர் முதுகைக் காட்டினால் உதடு தெரியாது, அப்போது எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். அதிகாரி ஆரம்பத்தில் ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறான். அங்கே மீட்டர் அண்ணன் என்னிடம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் வைத்தேன். "ஓவர்னா, நான் பேசி நிறுத்திட்டேன், இப்ப நீ பேசு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்." அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது.

சமையல்காரரின் குரலுக்கு ஆள் இல்லை. தொண்டையே இரண்டையும் பேசினால் ஒருவனே தனக்குத்தானே பதில் சொல்வது போலிருக்கும். அண்ணனிடம் போய், "நீங்க பேசுங்க" என்றேன்.

"யாருக்குக் காது குத்துறீங்க?" என்றார். "பழைய பட்டாளத்து ஆளு, ஒரு குரல் கொடுத்தா மனசு சரியாயிடும்னு கணக்குப் போடுறீங்களா?"

அந்தக் கணக்கைத்தான் போட்டிருந்தேன். "ஆள் இல்லண்ணே, அதான்" என்று மழுப்பினேன். அவர் நம்பவில்லை.

இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. படியில் உட்கார்ந்து சொன்னதற்காக வருத்தப்படுகிறாரோ, வேலையை விட்டே போய்விடுவாரோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சமையல்காரன் இன்னும் பேசலையா?"

"இல்லண்ணே."

"பாவம், அந்த அதிகாரியை எத்தனை நாள்தான் காக்க வைக்கிறது" என்று சொல்லிக்கொண்டே குரல் அறைக்குள் போனார்.

ஹெட்ஃபோனைக் கையில் எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். முதலில் ஒரு காதில் மட்டும் வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். தொண்டை வெந்நீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். அண்ணன் இரண்டு காதிலும் மாட்டினார்.

ஒலிப்பதிவாளர் காட்சியை ஓட்டினார். அதிகாரியின் முகம் வந்தது. "கேக்குதா? யாராவது இருக்கீங்களா? ஓவர்." பிறகு அந்த நிறுத்தம். தொடரில் அது ஆறு நொடி. எனக்கு அது ஆறு வருடமாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்த வசனம், "கேக்குது. நான் இருக்கேன். ஓவர்." அண்ணனுடைய கையில் அந்தத் தாள் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"கேக்குது" என்றார். பிறகு கத்தினார். "கேக்குது. ஓடையை ஒட்டியே வந்துடு. ஓவர்."

ஊசி சிவப்பில் போய் முட்டி அங்கேயே நின்றது.

ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்தார். அவருக்குக் கதை தெரியாது. "அண்ணே, சிவப்பு" என்றார் மெதுவாக மைக்கில். "அப்புறம், விண்வெளியில ஏதுண்ணே ஓடை?"

"இருக்கட்டும்" என்றேன் நான். "வயர்லெஸ் குரல் உடைஞ்சாத்தான் நல்லாருக்கும். ஓடை என் பொறுப்பு."

அண்ணன் உள்ளே ஹெட்ஃபோனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார். ஆனால் முகத்தில் இருந்தது அழுகை மட்டுமில்லை. வெகு தூரம் தூக்கி வந்ததை இறக்கிவைத்தவரின் முகம் அது. பார்த்த எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக ஊசியைப் பார்த்து, "சிவப்புக்குப் போயிடுச்சா? அடடா" என்று தலையில் அடித்துக்கொண்டார். வீங்கிய இடத்திலேயே அடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

ஒளிபரப்பான பிறகு சேனல்காரர் கூப்பிட்டு, கப்பலுக்குள் எந்த ஓடை என்று கேட்டார். அது நட்சத்திரங்கள் ஓடை மாதிரி வரிசையாக ஓடுகிற இடம், கதையில் ஆழமாகப் பார்த்தால் புரியும் என்றேன். அவர் ஆழமாகப் பார்க்கிறவர் இல்லை. ஓடை பிழைத்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. குரல் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமை மதியமே, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அண்ணன் அலுவலக அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். நாங்கள் மூவரும் வேலை செய்வதாகப் பாசாங்கு செய்தோம். ஒலிப்பதிவாளர் ஓடாத இயந்திரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா" என்றார் அண்ணன். தொண்டையைச் செருமினார். "அப்பா. நல்லாக் கேக்குது. நீ சொல்லு. ஓவர்."

பிறகு ஃபோனுக்கு வெளியே எங்களுக்கே கேட்கிற அளவுக்கு ஒரு குரல், "என்னது ஓவரா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா."

"இல்லம்மா, அப்படி இல்ல. ஓவர்னா, இப்ப நீ பேசுன்னு அர்த்தம். நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவள் பேசினாள். பேசினாள் என்பதைவிட, திட்டினாள் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூட விடுதியிலிருந்து கூப்பிட்டு இவர் எடுக்காத நாளிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம் போனது. அண்ணன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஆமாம்மா", "தப்புதான்", "சொல்லு" என்று மட்டும் நடுநடுவே சொன்னார். சட்டை முதுகில் வியர்வை படர்ந்திருந்தது. தொண்டை ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பினார்.

கால் மணி நேரம் கழித்து அந்தக் குரல் அடங்கியது. அண்ணன் ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். பயமும் சிரிப்பும் கலந்திருந்தது.

"ஓவர்னு சொல்லிட்டா" என்றார். "இப்ப நான் பேசணும்."

"பேசுங்க அண்ணே" என்றேன்.

கையை எடுத்தார். ஒரு நொடி நின்றார். பிறகு, "எங்கூட கீச்சுன்னு ஒருத்தன் இருந்தாம்மா" என்று ஆரம்பித்தார். நான் எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்தினேன்.